வாசித்துவிட்டுத் திட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆளாளுக்குக் கோல் எடுத்து "என்ன சேர், கோவமா?" என்று கேட்கிறார்கள். ஆம், கோபம்தான்.

இலங்கையில் வாழ்ந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலை அறிமுகம் செய்யச் சொன்னீர்கள், செய்தேன். 1979 இல் வந்தது, விஞ்ஞானப் புனைகதைக்குத் தரும் ஹியூகோ, நெபியூலா இரண்டு விருதையும் எடுத்தது. பேசி முடிக்கக்கூட இல்லை, தோழர் ஒருவர் எழும்பிவிட்டார். "இது சிகிரியாவுக்கு எழுதின விளம்பரம். எங்கட மண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" கைதட்டல் வேறு. பின்னுக்கிருந்து ஒருவர் "சேருக்கு மகாவம்சத்தில பங்கு கிடைச்சிருக்கும்" என்றார், சிங்கள மன்னர்களின் பழைய வரலாற்று நூலைச் சொல்லி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன செய்வது.

கைதட்டியவர்களிடம் ஒரு கேள்வி. எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டாவது பார்த்தீர்கள்? வாசித்துவிட்டுத் திட்டுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். கதை நடப்பது தப்ரபேன் என்ற தீவில். நம் தீவுதான், ஆனால் 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளி வைத்திருக்கிறார். ஏனென்றால் பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டுவதுதான் கதை. லிஃப்ட் ஏறுகிற இழையைத் தொங்கவிடும் செய்மதி சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், மத்திய கோட்டுக்கு நேர் மேலே இருந்தால்தான் ஒரே இடத்தில் நிற்கும், தீவும் அதற்குக் கீழே இருக்கவேண்டும். நான் ஒருமுறை அட்லஸை விரித்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில் இருக்கிறது, ஒரு பாகை 111 கிலோமீட்டர். அவர் தள்ளிய தீவில் நம்ம ஊரிலிருந்து மத்திய கோடு சுமார் 55 கிலோமீட்டர்தான், அக்கரைப்பற்றுத் தூரம்கூட இல்லை. சம்பந்தமில்லையாம்!

மறுகா, சிகிரியா விளம்பரம் என்ற கதைக்கு வருவோம். தகப்பனைக் கொன்று சிகிரியாக் குன்றில் கோட்டை கட்டிய மன்னன் காசியப்பனைக் காளிதாசன் என்று பெயர் மாற்றிக் கதைக்குள் கொண்டுவருகிறார், உண்மை. ஆனால் லிஃப்ட் கோபுரம் எழும்ப வேண்டிய புனித மலையில், அதாவது சிவனொளிபாத மலையை வைத்து எழுதிய மலையில், மடாலயம் இருக்கிறது. பிக்குகள் இடம் தர மறுக்கிறார்கள். அந்த மன்னனின் வீரர்கள் வண்ணத்துப்பூச்சிகளாகப் பிறந்திருக்கிறார்கள், அவை உச்சியை எட்டினால் பிக்குகள் மலையை விட்டுப் போகவேண்டும் என்று ஒரு பழைய கதை. ஒரு நாள் புயலில் அடிபட்டு மஞ்சள் பூச்சிகள் உச்சிக்கு வந்தே விடுகின்றன. பிக்குகளும் மூட்டை கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். விளம்பரம் எழுதுகிறவன் இப்படியா எழுதுவான்? தெற்கிலிருந்து சிங்களவர் ஒருவர் கோபப்பட்டால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் எதற்குக் கோபப்படுகிறீர்கள் தோழர்?

முக்கியப் பாத்திரங்களில் நம்மாள் இல்லை என்பீர்கள். இல்லைதான். அந்த மலை நமக்குச் சிவனொளிபாதம், காத்தான்குடி முஸ்லிம் நண்பருக்குப் பாவா ஆதம் மலை, கதையிலோ பிக்குகளின் மலை. குறை என்றால் குறைதான். பாத்திரங்கள் மரக்கட்டை என்று தங்கச்சி ஒருவர் சொன்னார். அவர் வாசித்திருந்தார், அதனால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.

கிளார்க் கொழும்பில் வசதியாக இருந்த வெள்ளைக்காரன் என்றும் சொன்னீர்கள். திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் முங்கி, கோணேசர் கோயிலின் கல்லையும் தூணையும் பார்த்து எழுதியவரும் அதே வெள்ளைக்காரன்தான். 2007 டிசம்பரில், 90 வயதில், மூன்று ஆசைகள் சொன்னார். அதில் ஒன்று இலங்கையில் நிலையான சமாதானம். அது போதுமா என்றால், போதாது. ஆனால் அதே அளவுகோலை நம்ம ஆட்களுக்கும் வைப்போமா? வைத்தால் அலுமாரியில் என்ன மிஞ்சும்?

நான் படுவான்கரைக்காரன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். மண்முனையில் பாலம் வந்தது 2014 இல்தான். நான் உயர்தரம் படித்த காலத்தில் பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். விடியக் காலையில் சைக்கிளோடு வந்தால் பாதை அக்கரையில் நிற்கும். கூப்பிட்டுப் பார்ப்போம், வராது. ஒரு வாகனமாவது சேரவேண்டுமாம். ரியூசன் தொடங்கியிருக்கும். அப்படி நின்ற ஒரு நாளில்தான் பௌதிகவியல் சேர் தந்த அந்தப் புத்தகத்தைத் திறந்தேன், அட்டை கழன்று றப்பர் பான்ட் போட்ட பிரதி. கதாநாயகன் மோர்கன் ஓர் எஞ்சினியர். ஜிப்ரால்டரில் கடலுக்கு மேலே பாலம் போட்டு ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் இணைத்த ஆள். அது போதாதென்று இப்போது வானத்துக்குப் பாலம் வேண்டும் என்கிறார். விஞ்ஞானம் எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்த மனுசனின் அவசரம் முழுக்க விளங்கியது. கொழும்பில் இருந்து வாசித்தவனுக்கு அது அப்படி விளங்கியிருக்குமா தெரியாது.

கடைசியில் அவர் 600 கிலோமீட்டர் உயரத்தில் சிக்கியவர்களுக்கு ஒட்சிசன் கொண்டுபோகிறார். இதயத்தைக் கண்காணிக்கும் கருவி எச்சரித்துக்கொண்டே இருக்கிறது, கேட்கவில்லை. கொடுத்துவிட்டு இறங்கும் வழியில் செத்துப்போகிறார். (முடிவைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள், நீங்கள் எப்படியும் வாசிக்கப்போவதில்லை.)

உண்மையில் என்னைச் சுட்டது சிகிரியாவும் இல்லை, மகாவம்சமும் இல்லை. தேத்தண்ணி குடிக்கும்போது ஒருவர் மெதுவாகச் சொன்னாரே, "செத்த சனத்தை மறந்துட்டு இவர் வானத்துக்கு லிஃப்ட் கட்டுறார்" என்று. அதுதான்.

1990 இல் வீட்டை விட்டு வெளிக்கிட்ட என் அண்ணன் இன்னும் வரவில்லை. அம்மா சாகும்வரை அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைத்தா. இதை அங்கே சொல்லியிருந்தால் எல்லோரும் கப்சிப் என்று இருந்திருப்பீர்கள். அப்படி வாயடைக்க எனக்கு விருப்பமில்லை, அவன் அதற்கான ஆள் இல்லை. ஆனால் இதைக் கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் செத்தவீடு நடந்ததால் நாங்கள் செத்தவீட்டுக் கதை மட்டும்தான் வாசிக்கவேண்டும் என்று யார் முடிவெடுத்தது? கொழும்புக்காரன் செய்மதி பற்றி வாசிக்கலாம், சென்னைக்காரன் செவ்வாய்க்குப் போகலாம். மட்டக்களப்பான் மட்டும் அழவேண்டும், அழுததை எழுதவேண்டும், அதற்கு ஒரு வெளியீட்டு விழாவும் வைக்கவேண்டும். அப்படித்தானே? அந்த விழாக்களுக்கெல்லாம் வந்து கதிரை அடுக்கியவன் நான். இனியும் வருவேன். ஆனால் என் அலுமாரிக்கு யாரும் காவல் நிற்கவேண்டாம்.

"சேர் உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்று எழுதுவீர்கள், எழுதுங்கள்.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கேட்கிற யாருக்கும் தருவேன், தோழருக்கும் தருவேன். அட்டை புதிதாகப் போட்டிருக்கிறேன், பக்கத்தை மடிக்காமல் திருப்பித் தரவேண்டும். அடுத்த கூட்டம் வழமையான இடத்தில்தான். வாசித்து முடித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு என்னையும் கிளார்க்கையும் சேர்த்தே கிழியுங்கள்.