அரிசி இலவசம், அதனால் சாப்பாட்டுக்குக் குறையே இல்லையா?

“ரேஷன் அரிசி இலவசம். கடலூர் கிராமங்களில் கூலி குறைந்தாலும் சாப்பாடு குறையாது” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் வரி சரி. 2011 ஜூன் முதலே இலவசம்தான். இரண்டாவது வரி தவறு.

2022-23 தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், இந்தியக் கிராமக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவுக்குப் போனது சுமார் 46 விழுக்காடு. தானியத்துக்கு மட்டும் போனது 5 விழுக்காட்டுக்கும் குறைவு! உணவுச் செலவில் மீதி பால், காய்கறி, மீன், முட்டை, எண்ணெய், பருப்பு போன்றவற்றுக்கு. டீ, பலகாரம், பாக்கெட் தீனி வகையறாவே தானியத்தை மிஞ்சுகிறது என்பது பலர் ஒப்புக்கொள்ளாத கணக்கு.

கையில் காசு குறைந்தால் சோறு அப்படியே இருக்கும், குழம்புதான் தண்ணீராகும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலை பருவத்தோடு முடிந்துவிடும். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது படகுக்குப் போகிறவர் வீட்டிலேயே மீன் அபூர்வம்.

கூலி மட்டுமே கணக்கும் அல்ல. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் கறவை மாடும் கொல்லையில் முருங்கையும் இருக்கும். இன்னொன்றில் ஆறு வாயும் மகளிர் குழுத் தவணையும் இருக்கும். இரண்டு வீட்டுக்கும் அரிசி இலவசம்தான்.