"எனக்கு அந்தத் தகுதி இல்லை, பாதர்"

"ஐயோ பாதர், எனக்கு அந்தத் தகுதி இல்லை. வேற ஆரையும் பாருங்கோ."

திருகோணமலையில் எந்தப் பங்கிலும் எந்தச் சபையிலும் கேட்கிற பேச்சு இது. மறைக்கல்வி படிப்பிக்கக் கேட்டாலும், மெதடிஸ்த ஆலயத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்யக் கேட்டாலும், குருமடத்துக்கோ பிலிமத்தலாவை இறையியல் கல்லூரிக்கோ போகலாமா என்று ஒரு பிள்ளை யோசித்தாலும் முதலில் வருவது இதுதான். நாங்களும் உடனே, "அப்பிடிச் சொல்லாதேங்கோ, உங்களிட்ட எவ்வளவு திறமை இருக்கு" என்று தேற்றுகிறோம். அந்தத் தேற்றல் பிழை என்று நினைக்கிறேன். திறமையை நம்பி ஏறியவர் முதல் தடுமாற்றத்திலேயே இறங்கிவிடுவார்.

யாத்திராகமம் 3ஆம், 4ஆம் அதிகாரங்களைத் திறந்து பாருங்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை மீட்டு வரக் கடவுள் அனுப்பும்போது மோசே ஐந்து தரம் தட்டிக் கழிக்கிறார். முதலாவது, "நான் எம்மாத்திரம்?" அரண்மனையில் வளர்ந்த ஆளிடம் "உனக்கு அங்கே எல்லாம் பழக்கம்தானே" என்று கடவுள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். கேள்வி மோசேயைப் பற்றியது, பதில் கடவுளைப் பற்றியது. அவருக்குக் கோபம் வந்தது ஐந்தாவது தரம், வேறு யாரையாவது அனுப்பும் என்றபோதுதான். அதற்கு முந்திய நான்கு தரமும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

லூக்கா 5ஐ எங்கட கரைப்பக்கத்து ஆட்கள் மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ளலாம். பேதுருவுக்கும் கூட்டாளிகளுக்கும் இரவு முழுக்க ஒன்றும் படவில்லை. கரையில் வலை அலசுகிறார்கள். அது நைலோன் வலை இல்லை, நார்நூல் வலை. பாசியும் சேறும் போக அலசிக் காயப்போடாவிட்டால் உக்கிப்போகும். அலசி முடிந்தால் அன்றைய தொழிலும் முடிந்தது. அந்த நேரம் பார்த்து இயேசு திரும்ப வலையைப் போடச் சொன்னால், மீன் பட்டாலும் படாவிட்டாலும் முழு வலையையும் இன்னொருக்கா அலசவேண்டும். பேதுரு போட்டார். இரண்டு படகும் தாழ்கிற அளவுக்கு மீன். அப்போதுதான் அவர் விழுந்து, "நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்கிறார். "நீ பாவி இல்லை" என்று இயேசு மறுக்கவில்லை. விட்டுப் போகவுமில்லை. "பயப்படாதே" என்று சொல்லி வேலையைக் கொடுத்தார்.

திருப்பலியிலும் இதுதான் நடக்கிறது. நூற்றுவர் தலைவன் சொன்ன "நான் தகுதியற்றவன்" என்ற சொல்லை (மத்தேயு 8:8) நன்மை (நற்கருணை) வாங்கப் போவதற்குச் சற்று முன்புதான் எல்லோரும் சொல்கிறோம். சொன்ன வாயோடு எழும்பி வரிசைக்குப் போகிறோம். யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

ஆனால் "தகுதி இல்லை" என்ற உணர்வு எல்லோருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: யாருக்கு, எப்போது, என்ன செய்தேன்? பெயரும் சம்பவமும் எழுத முடிந்தால் அது பாவம். அதற்கு மருந்து பாவசங்கீர்த்தனம், அல்லது போதகரிடம் மனந்திறந்த பேச்சு. அதோடு அந்த ஆளிடம் போய் ஒப்புரவாகவேண்டும், எடுத்த காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போ என்கிறது மத்தேயு 5. தாள் வெறுமையாகவே இருந்து, "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்ற பொதுவான குரல் மட்டும் கேட்டால், அதை நம்பவேண்டாம். அந்தக் குரல் ஒரு பிழையைக்கூடக் காட்டித் தராது, திருந்த வழியும் சொல்லாது.

மூன்றாவது ஒன்றும் உண்டு, ஆட்கள் கவனிப்பதில்லை: வெறும் களைப்பு. எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று படுத்தபோது, தேவதூதன் இரண்டு தரம் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுத்தான். சனி இரவு பத்து மணிக்குப் பாடம் ஆயத்தம் செய்கிறவருக்கு வருகிற கலக்கத்தில் பாதி ஆயத்தமின்மைதான். செவ்வாய்க்கிழமையே வேதபகுதியை ஒருதரம் வாசித்து வையுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும். மனம் இருண்டிருக்கும் நாட்களில் முந்தி எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் விதி. ராஜினாமாக் கடிதத்தை அந்த வாரம் எழுதவேண்டாம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கிருபை என்ற பெயரில், பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவரையும் சபைப் பணத்தை எடுத்தவரையும் அதே பொறுப்பில் வைத்திருக்கக்கூடாது. மன்னிப்பு வேறு, பதவி வேறு. குருவின் பாவம் அருட்சாதனத்தைச் செல்லாததாக்காது என்று, அதை மறுத்த டொனாத்துவாதிகள் என்ற வட ஆபிரிக்கப் பிரிவினருக்கு எதிராகப் புனித அகுஸ்தீனார் வாதாடியது மக்களின் விசுவாசத்தைக் காக்க. பிழை செய்தவரைக் காக்க இல்லை.

அந்த அகுஸ்தீனாரையே 391இல் வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகரில் மக்கள் பிடித்து இழுத்துத்தான் குருவாக்கினார்கள். அவர் அழுதார். பிறகு ஆயர் வலேரியுசுக்கு எழுதினார். தன்னை விட்டுவிடும்படி அவர் கேட்கவில்லை, வேதத்தைப் படிக்கப் பாஸ்கா வரை தவணைதான் கேட்டார். உங்களிடம் யாராவது ஒரு பணியைக் கேட்டிருந்தால் நீங்களும் தவணை கேளுங்கள், ஒரு கிழமையோ ஒரு மாதமோ. ஆனால் திகதி சொல்லிக் கேளுங்கள். அந்தத் திகதியில் பாதரையோ போதகரையோ நேரில் போய்ப் பாருங்கள்.