ஐலா என்றால் புகை மட்டுமா?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி என்றாலே புகை மணம்தான் என்று, ஸ்காட்ச் விஸ்கி பற்றி நான் படித்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. முளைகட்டிய பார்லியை பீட் எனும், சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரப் படிவை எரித்து உலர்த்தும்போது ஏறுவதுதான் அந்த மணம். தென்கரையின் லாஃப்ரோய்க், லகாவுலின், ஆர்ட்பெக் ஆகிய மூன்று வடிசாலைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அதே தீவின் புன்னஹாவன் பெரும்பாலும் புகை படாத பார்லியில் வடிக்கப்படுகிறது. ஷெர்ரி எனும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயின் உலர்பழ இனிப்பு அதில் எவ்வளவு அழகாகத் தெரிகிறது!

ஸ்காட்லாந்தின் இன்னொரு விஸ்கி ஊரான கேம்பெல்டவுனைக் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் பெரிய வருத்தம். அங்குள்ள ஸ்பிரிங்பேங்க் வடிசாலை ஒரே கூரையின்கீழ் மூன்று விதமாக வடிக்கிறது: இளம்புகையோடு ஸ்பிரிங்பேங்க், அடர்புகையோடு லாங்ரோ, புகையே இல்லாமல் மும்முறை வடித்த ஹேசல்பர்ன். வாய்ப்புக் கிடைத்தால் ஹேசல்பர்னில் தொடங்குங்கள்.