லாயலிஸ்டுகள் எல்லாரும் பணக்காரர்கள் இல்லை

"அமெரிக்கப் புரட்சிக்குப் பிறகு கனடாவுக்கு வந்த லாயலிஸ்டுகள் எல்லாரும் வசதியான ஆங்கிலேயக் குடும்பங்கள், மன்னர் கொடுத்த நிலத்தில் நிம்மதியாகக் குடியேறினார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். (லாயலிஸ்டுகள் என்றால் அந்தப் புரட்சியில் பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்றவர்கள்.) அவர் சொன்னது தவறான சித்திரம். வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண விவசாயிகள், கைவினைஞர்கள், படைவீரர்கள். கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியாவுக்கு மட்டும் சுமார் 3,000 கறுப்பின லாயலிஸ்டுகள் வந்தார்கள்.

தாமஸ் பீட்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவில் அடிமையாக இருந்தவர். 1776-ல் தப்பி, பிரிட்டிஷ் படையின் 'பிளாக் பயனியர்ஸ்' பிரிவில் சேர்ந்து சார்ஜென்ட் ஆனார். அவருடைய மனைவி சாலியும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்தான். போர் முடிந்ததும் குழந்தைகளோடு நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார்கள்.

பிரிட்டிஷார் தருவதாகச் சொன்ன விவசாய நிலம் பீட்டர்ஸுக்குக் கிடைக்கவே இல்லை. ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டும் பலனில்லை. அதே நோவா ஸ்கோஷியாவின் ஷெல்பர்ன் ஊரில் நிலைமை இன்னும் மோசம்: குறைந்த கூலிக்கு உழைத்துத் தங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று சொல்லி, 1784-ல் வெள்ளை முன்னாள் சிப்பாய்கள் கறுப்பினத்தவரின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வசதியான லாயலிஸ்டுகள் சிலர் தங்கள் அடிமைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

பீட்டர்ஸ் விடவில்லை. மீண்டும் பிடிபட்டு விற்கப்படும் ஆபத்து இருந்தும் லண்டனுக்கே போய் முறையிட்டார். அப்புறம்தான் கறுப்பின லாயலிஸ்டுகளை மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேற்றும் திட்டம் வந்தது. 1792 ஜனவரியில் ஏறக்குறைய 1,200 பேர் நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து 15 கப்பல்களில் கிளம்பினார்கள். இன்று சியரா லியோனின் தலைநகராக இருக்கும் ஃப்ரீடவுனை அமைத்தவர்கள் இவர்கள்தான். பீட்டர்ஸ் அங்கே சில மாதங்களிலேயே காய்ச்சலில் இறந்துபோனார்.