ஆப் மட்டும் போதாது, ரெண்டு வாக்கியமாவது வாய்ல இருக்கணும்
போன்ல ட்ரான்ஸ்லேட் ஆப் இருந்தா ஜப்பான்ல ஒரு வார்த்தை கூட தெரிய வேணாம்னு இந்த பயணக் கட்டுரைல போட்டிருக்கறத என்னால ஏத்துக்க முடியல, சைவம் சாப்பிடறவங்களுக்கு அது சரியே வராது. கியோட்டோல ஒரு சின்ன உடோன் (சூப்ல போட்டு குடுக்கற தடிமனான கோதுமை நூடுல்ஸ்) கடைல ஆப்ப காட்டி கறி இல்லாம குடுங்கன்னு கேட்டேன், அந்தம்மா சிரிச்சுட்டே தலையாட்டி கொண்டு வந்து வச்சாங்க, மேல வெறும் வெங்காயத்தாள் தான், ஆனா கிண்ணத்த வாய்கிட்ட கொண்டு போனதும் கருவாட்டு வாசனை. தப்பு அவங்க மேல இல்ல, நான் கேட்டது கறிய பத்தி மட்டும், அங்க சூப்புக்கு அடிப்படையே தாஷிங்கற கொதிக்க வச்சு எடுக்கற சாறு தான், அதுல பெரும்பாலும் கத்சுஓபுஷிங்கற காய வச்ச மீன் சீவல் தான் போடுவாங்க. அதனால "நிக்கு தோ சகானா வா தாபெமாசென்", அதாவது கறியும் மீனும் சாப்பிட மாட்டேன், அப்புறம் "கத்சுஓ தாஷி ஹாய்த்தே இமாசு கா", மீன் தாஷி சேர்த்திருக்கா, இந்த ரெண்டையும் நல்லா மனப்பாடம் பண்ணிட்டு போங்க. மேல கமெண்ட்ல ஒருத்தர் ஜப்பானீஸ் நமக்கு வரவே வராதுன்னு எழுதியிருக்கார், எழுத்து கஷ்டம் தாங்க, ஆனா பேச்சு அப்படி இல்ல, நம்மள மாதிரியே வினை கடைசில வரும், கேள்வி கேக்க நாம "ஆ" சேக்கற மாதிரி அவங்க "கா" சேப்பாங்க, "மிஸு தெசு கா"ன்னா "தண்ணியா?" அவ்ளோ தான். புத்த மடங்கள் இருக்கற கோயாசான் மலைக்கு போனா கவலையில்லாம சாப்பிடலாம், அங்க மடங்கள்ல குடுக்கற ஷோஜின் ரியோரிங்கற சைவ சாப்பாட்டுல தாஷிய கொம்புங்கற கடல்பாசியும் காளானும் வச்சு தான் எடுப்பாங்க.