ஆற்றுக்கு முதுகு காட்டி ஓர் ஆற்றங்கரை நடை

சொந்த ஊரைக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்த்தேன். சென்னையிலிருந்து வந்த அத்தை மகள் விடவில்லை. போன ஞாயிறு, திருவையாற்றில் 'காவிரிக்கரை பாரம்பரிய நடை'. ஆளுக்கு 600 ரூபாய். தொப்பி உண்டு, காலையில் பொங்கல் வடை உண்டு, கடைசியில் ஒரு கரண்டி அசோகா அல்வாவும் உண்டு. சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

புஷ்ய மண்டபப் படித்துறையில் ஆரம்பித்து, தியாகராஜர் சமாதி, ஐயாறப்பர் கோயில், அப்புறம் கரையோடு மேற்கே தில்லைஸ்தானம் வரை. வழிகாட்டித் தம்பி நன்றாகவே பேசினார். மண்டபத்தைக் கட்டிய மராட்டியர்கள், தியாகராஜர் மறைந்த 1847, எல்லாம் தடுமாறாமல் வந்தது. சமாதிச் சன்னதியைத் தன் சொத்தைப் போட்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பதை மறக்காமல் சொன்னார். அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் படித்துறையில் நின்ற இருபது பேரும் ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றோம். எல்லார் கண்ணும் மண்டபத் தூணில். ஒரு சின்னப் பையன் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி, "அங்கிள், ஆத்துல ஏன் தண்ணியே இல்ல?" என்று கேட்டான்.

"மாசி மாசம்ல தம்பி, வத்திப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டார். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

வற்றவில்லை ஐயா, மூடியிருக்கிறார்கள். மேட்டூர் அணை வந்தது 1934இல். அதற்கப்புறம் இந்த ஆற்றுக்கு ஒரு காலண்டர் உண்டு. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். அணையில் இருப்பு குறைந்த வருஷங்களில் திறப்பு தள்ளிப் போகும். மேட்டூரில் விட்ட தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும். அங்கே பூவும் நெல்லும் தூவி ஷட்டரைத் தூக்குவார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்கு. அந்தக் கால்வாயை எங்கள் பக்கத்தில் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறோம். வயது தொண்ணூறைத் தாண்டியும் அது புதுசுதான்!

இதையெல்லாம் எனக்குச் சொன்னது எந்த வழிகாட்டியும் இல்லை, சித்தப்பா. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். மதகு ஷட்டரை ஏற்றி இறக்குவதும் கரையைக் காப்பதும்தான் வேலை. ஐப்பசி மழையில் ஆறு கரையைத் தொட்டு ஓடும்போது, அரிக்கேன் விளக்கும் மணல் மூட்டையுமாக ராத்திரி முழுக்கக் கரையில் கிடப்பார். தலைமடைக்காரன் அதிகம் எடுத்தால் கடைமடைக்காரன் சண்டைக்கு வருவான். இரண்டு பேர் வசவும் இவருக்குத்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் வீட்டில் அவரிடம் யாரும் பேச மாட்டோம்.

பாரம்பரியம் என்றால் கோபுரமும் சிலையும் மட்டும் என்று யார் முடிவு செய்தது? சோழர் கல்வெட்டுகளில் நிலத்துக்கு எல்லை சொல்லும் இடத்தைப் பாருங்கள். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு (சின்ன வாய்க்கால்), இத்தனையாம் சதிரம் (சதுர நிலத் துண்டு) என்று போகும். வாய்க்காலை வைத்துத்தான் ஊரையே அளந்திருக்கிறார்கள். 1830களில் கொள்ளிடத் தலைப்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையிடம் கற்றுக்கொண்டதாக எழுதி வைத்திருக்கிறார். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வருவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டுகிறோம். அன்று நடைக்கு ஆள் ஏற்றி வந்த வேன் இந்த ஐந்தையும் தாண்டித்தான் வந்தது. ஒரு பாலத்திலாவது நிறுத்தியிருக்கலாம்.

இங்கே நடப்பது புதுசும் இல்லை. சித்திரையில் ஏழூர்த் திருவிழா இருக்கிறதே! நந்திக்குக் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று சுற்றித் திரும்பும். திருநெய்த்தானம்தான் நாம் சொல்லும் தில்லைஸ்தானம். சித்திரையில் ஆறு மூடியிருக்கும், பல்லக்கு மணலில் இறங்கிக் கரையேறும். வழியெல்லாம் நீர்மோர், பானகம். தொப்பி கிடையாது, தலையில் துண்டுதான். அந்த நடையில் ஆற்றைக் காலால் தெரிந்துகொள்கிறோம். எந்த இடத்தில் மணல் ஆழம், எங்கே நாணல் மண்டியிருக்கிறது, எந்தப் படித்துறையில் கடைசிப் படிக்குக் கீழே மண்ணே இல்லாமல் தொங்குகிறது, எல்லாம்.

(அந்தத் தொங்கும் படிக்குக் காரணம் மணல் லாரி. அதைத் தனியாக எழுத வேண்டும். இன்று விட்டுவிடுகிறேன்.)

நடத்துபவர்களுக்கு ஒரே யோசனை. கோயிலில் பத்து நிமிஷம் குறைத்து, ஒரு மதகில் நிற்க வையுங்கள். தண்ணீர் ஓடும் ஆடியில் ஒரு நடை, மூடியிருக்கும் மாசியில் ஒரு நடை என்று இரண்டாக வையுங்கள். ஓய்வு பெற்ற ஒரு லஸ்கரைக் கூட்டி வந்து அரை மணி நேரம் பேச விடுங்கள்.

மறுநாள் அத்தை மகளைச் சித்தப்பாவிடம் அழைத்துப் போனேன். வாசலுக்கு அந்தப்புறம் இருக்கும் வாய்க்கால் மதகுக்கு நடத்திக்கொண்டு போய், ஷட்டர் திருகை அவள் கையாலேயே சுற்ற வைத்தார். உள்ளங்கை முழுக்க கிரீஸ். அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

"நேத்து எவ்வளவுமா குடுத்தீங்க?" என்றார்.

"ஆளுக்கு அறுநூறு மாமா."

கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு முந்நூறு குடு. முட்டி வலியோட கல்லணை வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போறேன்."