கோட்டுப்படத்தில் சொல் வரிசை

தம்பி, ஆங்கில வாக்கியத்தைக் கோட்டுப்படமாக, அதாவது ஒவ்வொரு சொல்லின் இலக்கண வேலையும் தெரியும்படி கோடுகளில் எழுதி, வரையும்போது சொற்களை வாக்கியத்தில் உள்ள வரிசையிலேயே எழுத வேண்டும் என்கிறீர்கள். அது பிழை. திருகோணமலையில் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் பிள்ளைகள் இதை அப்படியே கொப்பியில் இறக்கிவிடுவார்கள் என்பதால் சொல்கிறேன். ரீட், கெலொக் என்ற இலக்கண நூலாசிரியர்கள் இருவரும் 1877இல் அமெரிக்காவில் வெளியிட்ட இம்முறையில் சொல்லின் வேலைதான் அதன் இடத்தைத் தீர்மானிக்கும்.

‘டிட் த பிஷர்மன் செல் பிரெஷ் பிஷ்?’ (மீனவர் புதிய மீன் விற்றாரா?) என்ற கேள்வியைப் பாருங்கள். கிடைக்கோட்டில் முதலில் வருவது எழுவாய் ‘பிஷர்மன்’. அப்புறம் அக்கோட்டை வெட்டிக் கீழிறங்கும் ஒரு நிலைக்குத்துக் கோடு; அதற்கு வலப்பக்கம் ‘டிட் செல்’ சேர்ந்தே நிற்கும். செயப்படுபொருள் ‘பிஷ்’ஷுக்கு முன்னால் உள்ள கோடு கிடைக்கோட்டில் முட்டும், வெட்டாது. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ‘த’, ‘பிரெஷ்’ இரண்டும் தத்தம் பெயர்ச்சொல்லின் கீழே சாய்கோட்டில். ‘டிட்’தான் முதல் சொல் என்பதை அதன் பெரிய எழுத்தே காட்டும்.